மூணு வாய் திறந்த அமீபா

ஒரு ஊர்ல ஒரு மாசிலாமணி. லாரி டிரைவர். ரோட்டோரத்துல ஈ மொய்ச்ச கரும்புச்சாறைக் குடிச்சான். வயித்துக்குள்ள ஒரு அமீபா போயிடுச்சு. ம் கொட்டு. கொட்டலைன்னா கதை கிடையாது.

ம்.

அமீபாவுக்குப் பல்லு இல்ல. வாயும் இல்ல. எந்தப் பக்கம் இரை தட்டுதோ அந்தப் பக்கம் உடம்பே வாயாயிடும். அது போய்க் குடல் சுவத்துல ஒட்டுச்சு. சொத்! அந்தச் சுவரு பூராவும் செல்லுங்கதான், செங்கல் அடுக்குன மாதிரி. அதுல ஒருத்தி செல்லாயி.

முதல்ல அவளோட பெரியக்கா போனா. லபக்! அப்புறம் சின்னக்கா. லபக்! செல்லாயி எல்லாத்தையும் பாத்தா. அமீபா ஒருத்தியைத் தொட்டதும் அது உடம்புக்குள்ள சுண்ணாம்புச் சத்து பொலபொலன்னு கொட்டும். உடனே குழியன்னு அமீபாவோட வேலையாளு ஒருத்தன் ஓடி வருவான். சுண்ணாம்பைக் கையில வாங்குவான். அமீபாத் தோலைக் கிண்ணமாக் குழிப்பான். போயிடுவான். அப்புறம் சுருக்கன் வருவான். அவனும் சுண்ணாம்பு வாங்குவான். கிண்ணத்து வாயைச் சுருக்குப்பை மாதிரி இழுத்து மூடுவான். வெத்தலைக்குச் சுண்ணாம்பு குடுக்காம கரண்டியைத் தொடாத கொத்தனாரு இருப்பாரே, அந்த ரகம் ரெண்டு பேரும்.

ம்?

ம்.

அப்போ செல்லாயி முறை. சொத்! குழியன் வந்து அவ இடுப்பு வரைக்கும் கிண்ணம் கட்டிட்டான்.

"அமீபாண்ணே, விட்டுடுங்கண்ணே."

"பசிக்குது. பேசாத."

"குழியண்ணே, நீங்களாவது..."

"கிண்ணத்தோட என் வேலை சரி. மூடுறவன்கிட்ட கேளு தாயி." போயே போயிட்டான்.

கிண்ணம் தானா வளந்து கழுத்துக்கு ஏறிடுச்சு. அழுது பிரயோஜனமில்லன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"அண்ணே, என்னைத் தின்னா உங்க பல்லிடுக்குக்குக் கூடப் பத்தாது."

"எனக்குப் பல்லே இல்லடி."

"அப்போ அந்தப் பக்கம் பாருங்க, எங்க சின்னம்மா. குண்டு. இந்தப் பக்கம் அத்தை. அதைவிடக் குண்டு. மெதுமெதுன்னு இருப்பாங்க."

"அடிப்பாவி!"ன்னு சின்னம்மா கத்தினா.

அமீபாவுக்கு ஆசை தாங்கல. அந்தப் பக்கம் ஒரு வாய் திறந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு வாய். சுண்ணாம்பு ரெண்டு பக்கமும் பொலபொலன்னு ஓடுச்சு. குழியன் இங்கயும் அங்கயும் ஓடி ரெண்டு கிண்ணம் கட்டினான். சுண்ணாம்பு மூட்டை காலி.

அப்போ சுருக்கன் வந்தான். அமீபாகிட்ட கையை நீட்டினான்.

"சுண்ணாம்பு?"

"தீந்துபோச்சுடா. முதல்ல மூடு, அப்புறம் தரேன்."

"வெறுங்கையோட மூடுறது நம்ம பரம்பரையிலேயே கிடையாதுங்க."

"டேய், மூணு வாயும் திறந்து கிடக்குடா!"

"பாத்தேன். நல்ல காத்தோட்டம்."

உட்கார்ந்துட்டான்.

செல்லாயி நெளிஞ்சா. வளைஞ்சா. வழுக்! கிண்ணத்துல இருந்து உடம்பை உருவிக்கிட்டா. சின்னம்மாவும் உருவிக்கிட்டா. அத்தை குண்டில்லையா, கொஞ்சம் நேரமாச்சு, அவளும் உருவிக்கிட்டா. பிடிமானம் போய் அமீபா தொங்குச்சு. அந்த நேரம் பாத்து மாசிலாமணிக்கு வயித்தைக் கலக்குச்சு. லாரியை ஓரங்கட்டிட்டு ஓடினான். குடுகுடுகுடு... சர்ர்ர்ர்! போச்சு அமீபா. மூணு வாயையும் பொளந்துக்கிட்டே போச்சு.

ம்?

...ம்.

கதை அவ்வளவுதான். போர்வையை இழுத்துக்க, கண்ணை மூடு. என்ன, செல்லாயியைக் காப்பாத்தினது யாருன்னா? ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்திருந்தானே, அவன்தான். சுருக்கன்.