கட்டிப்போட்ட நாய்

மடத்து வைத்தியசாலையில் மாசிலாமணி படுத்திருந்தார். சந்தையில் மூட்டை தூக்கியவர். சரிந்த மூட்டைகளுக்கு அடியில் சிக்கியதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. முதலில் சந்தை ஆட்கள் பழச்சீப்போடு வந்தார்கள். பிறகு அவர்களும் வரவில்லை. வீட்டில் தேடவும் ஆளில்லை. நாளெல்லாம் சுவரைப் பார்த்தே கிடந்தார். பார்க்கவே மனசு வலிக்கும்.

அவரைக் கவனித்துக்கொண்ட சீடன் ஆதிமூலம் சேவையில் புலி. குளிப்பாட்டுவான், கஞ்சி ஊட்டுவான், மணிக்கணக்கில் ஆறுதல் சொல்வான். மடத்து நாய் செவலைக்கு அதெல்லாம் தெரியாது. கட்டிலோரம் வந்து, அவர் கைக்கு அடியில் தலையை நுழைத்து முட்டிக்கொண்டே இருக்கும்.

"நோயாளியைப் போய் இப்படிப் படுத்துறியே, சனியனே!"

இழுத்துக்கொண்டு போய் மாமரத்தில் கட்டிப்போட்டான் ஆதிமூலம்.

அதற்குப் பிறகு மாசிலாமணி வாய் திறக்கவில்லை. கஞ்சிக்கும் திறக்கவில்லை. இப்படியே போனால் ஆள் தங்கமாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆதிமூலம் குருவிடம் ஓடினான்.

"சாமி, நான் எதுல குறை வச்சேன்? அவரை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடலையே!"

குரு எழுந்து போய் நாயை அவிழ்த்துவிட்டார்.

செவலை நேராக உள்ளே ஓடி அந்தக் கையை முட்டியது. கை அசையவில்லை. மறுபடி முட்டியது. சிணுங்கியது. இரக்கமெல்லாம் அதற்கு எங்கே இருக்கப் போகிறது, காது அரித்தது, அவ்வளவுதான்.

கடைசியில் விரல்கள் அசைந்தன. காதுமடலைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றன.

"உண்ணி," என்றார் மாசிலாமணி. குரல் கரகரத்தது. "பாவம், எத்தனை நாளா கடிக்குதோ. கொஞ்சம் வேப்பெண்ணெய் கொடு தம்பி."

"நீங்க சிரமப்படாதீங்கய்யா, நான் எடுத்துடறேன்," என்று பாய்ந்தான் ஆதிமூலம்.

குரு அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

வேப்பெண்ணெயை மாசிலாமணியே தொட்டுத் தடவினார். உண்ணியை எடுக்க வெகுநேரம் ஆனது. "ஆடாதடி, இரு," என்று நாயை அதட்டினார்.

"அந்தக் காதுலயும் இருக்கும். நாளைக்குப் பார்க்கணும்," என்றார் எடுத்து முடித்ததும். பிறகு, "கஞ்சி இருக்கா?" என்றார்.

வெளியே வந்ததும் ஆதிமூலத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"ராப்பகலா பார்த்துக்கிட்டேன் சாமி. எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அந்த நாய் அப்படி என்ன கொடுத்துச்சு?"

குரு அவனைப் பார்த்தார்.

"அவர் கையால நீ ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கியா?"