கையைக் கட்டு

மாதங்கிக்கு வாதாடப் பிடிக்கும். நியாயம் தன் பக்கம் இருந்தால் இன்னும் பிடிக்கும். மின்னியலில் பட்டம் வாங்கிவிட்டு, ஆசிரியர் படிப்பின் பயிற்சிக்காக அந்தப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு வந்தவள், வந்த அன்றே தலைமையாசிரியையான பெரிய டீச்சரோடு ஒரு சண்டையை முடித்திருந்தாள். ஜெசிந்தா டீச்சரோடு மட்டும் அவளால் சண்டை போட முடியவில்லை. அவர் பதில் சொன்னால்தானே.

ஜெசிந்தா டீச்சர் பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவுக்குப் பாடம் எடுப்பவர். மோட்டார், வயரிங், பழுது பார்ப்பது. பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்த பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தள்ளிவிடும் பிரிவு அது. மாதங்கியை அவரிடம்தான் பயிற்சிக்கு விட்டிருந்தார்கள்.

"இவங்கள காலேஜுக்கும் வேலைக்கும் எப்படி டீச்சர் தயார் பண்றது?"

கேட்டதோடு நிற்காமல் பதிலையும் மாதங்கியே சொன்னாள். ஆங்கிலப் பேச்சு, மாதிரி நேர்காணல், வழிகாட்டல் கூட்டம். டீச்சர் கேட்டுக்கொண்டே தக்காளி சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு போன வருஷத்துக் கதையைச் சொன்னார்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனி. தேர்வாகும் பெண்களுக்கு வேலையும் கொடுத்து டிப்ளமோவும் படிக்கவைக்கும். எழுத்துத் தேர்வில் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருமே தேறிவிட்டார்கள். அடுத்து ஆளுக்கொரு மோட்டாரை முன்னால் வைத்து, இது ஓடவில்லை, என்னவென்று பாருங்கள் என்றார்களாம். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தொட்டுப் பாருங்கம்மா என்றார் கம்பெனிக்காரர். அவர்கள் திரும்பி டீச்சரைத் தேடினார்கள். டீச்சர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தார். நேரம் முடிகிறவரை அப்படியே நின்றுவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

"பாடம் தெரியலையா?"

"எல்லாம் தெரியும்."

"அப்புறம் ஏன் டீச்சர்?"

டீச்சர் டிபன் பாக்ஸைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்த வருஷம் அதே கம்பெனிக்கு வகுப்பிலிருந்து பேச்சியம்மாள் போகிறாள். வெள்ளிக்கிழமை தேர்வு. அதில் தேறாவிட்டால் பஞ்சாலைக்குத்தான் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். பஞ்சாலைக்கு ஆள் பிடிப்பவர் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டும் போயாயிற்று.

புதன்கிழமை காலையில் பள்ளிக்கூடத்து மோட்டார் நின்றுபோனது. கழிப்பறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிடப் பெரிய டீச்சர் போனை எடுத்தபோது மாதங்கி உள்ளே நுழைந்தாள். ஒரு வகுப்பே மோட்டாரைப் படிக்கிறது, வகுப்புக்குப் பின்னாலேயே மோட்டார் கிடக்கிறது, இவர்கள் காலமெல்லாம் படம் வரைந்தே பாஸாக வேண்டுமா, பையன்கள் பள்ளியாக இருந்தால் இப்படித்தான் செய்வீர்களா என்று மூச்சுவிடாமல் கேட்டாள்.

பெரிய டீச்சரும் லேசுப்பட்டவர் இல்லை. "பொம்பளப் பிள்ளைங்க கரண்டுல கைய வெச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீயா வந்து பதில் சொல்லப்போற? பயிற்சி முடிஞ்சா நீ பாட்டுக்குப் போயிருவ."

"நான் சொல்லுவேன்."

சொன்னது மாதங்கி இல்லை, வாசலில் நின்றிருந்த ஜெசிந்தா டீச்சர்.

மத்தியான மணி அடிப்பதற்குள் தண்ணீர் வரவேண்டும், இல்லையென்றால் மெக்கானிக்தான் என்று பெரிய டீச்சர் இறங்கிவந்தார்.

மோட்டார் அறையில் ஜெசிந்தா டீச்சர் மெயினை இறக்கி, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பேச்சியம்மாளிடம் கொடுத்தார். அது அவள் கையில் இருக்கும்வரை கரண்டு வராது என்று மட்டும் சொன்னார். மற்ற பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஊறிய பழக்கம். சத்தம் போட்டால் கையைக் கட்டு, வாயைப் பொத்து. அதிகாரி வந்தாலும் கையைக் கட்டு, வாயைப் பொத்து. யாராவது அறிவுரை சொல்ல வந்தால் கேட்கவே வேண்டாம்.

பேச்சியம்மாள் மோட்டார்மேல் இருந்த மூடியின் திருகை எதிர்ப்பக்கமாக முறுக்கினாள். அது இன்னும் இறுகியது. திரும்பி மாதங்கியைப் பார்த்தாள்.

"இங்க குடு" என்று ஸ்க்ரூடிரைவரை வாங்கிய மாதங்கி, கண்மூடித் திறப்பதற்குள் திருகுகளைக் கழற்றி, மூடியை எடுத்துவைத்து, உள்ளே இருப்பதை விளக்கவும் தொடங்கிவிட்டாள். பேச்சியம்மாள் பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"மாதங்கி, மூடிய இருந்த மாதிரியே மாட்டு" என்றார் ஜெசிந்தா டீச்சர். "மாட்டிட்டுக் கையைக் கட்டு."

"நானா?"

"நீதான்."

பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மிஸ், வாயையும் பொத்தணும்" என்றாள் நூர்ஜகான்.

"ஆமா, அதையுந்தான்" என்றார் டீச்சர். தானும் கையைக் கட்டிக்கொண்டு மாதங்கிக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றார்.

முகம் எரிய மாதங்கி மூடியை மாட்டினாள். பேச்சியம்மாள் அதை மறுபடி கழற்றினாள். மாதங்கி கழற்றியதைவிடப் பல மடங்கு நேரமானது. ஒரு திருகு உருண்டு சாக்கடையில் விழுந்தது. அதைத் தேட இன்னும் கொஞ்ச நேரம். உள்ளே மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கண்டன்சர் கெட்டுப்போய்த் தலை வீங்கிக் கிடந்தது.

மாதங்கிக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், கண்டன்சர்ல கரண்டு தங்கியிருக்கும். அத இறக்காமத் தொட்டுட்டா?" என்று கிசுகிசுத்தாள்.

"நீ அங்க சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்பவே நான் வந்து இறக்கிட்டேன்."

"அத அவகிட்டச் சொல்லலாம்ல?"

டீச்சர் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

தங்கிய கரண்டை இறக்கப் பேச்சியம்மாள் பிளாஸ்டிக் பிடியைப் பிடித்து, ஸ்க்ரூடிரைவரைக் கண்டன்சரின் இரண்டு முனைகளிலும் படும்படி வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வகுப்புப் பீரோவில் பிரிக்காமலே கிடந்த புதுக் கண்டன்சரை மாட்டினாள். ஃப்யூஸைச் செருகி ஸ்விட்சைப் போட்டாள்.

மோட்டார் உறுமியது. சுற்றவில்லை.

சட்டென்று ஸ்விட்சை அணைத்து ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். கண் நேராக மாதங்கியிடம் வந்தது. என்ன கோளாறு என்று மாதங்கிக்குத் தெரியும். துருப்பிடித்து உள்ளே இறுகிவிட்டது. பின்பக்கம் கழற்றிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தண்ணீர் வந்துவிடும். வார்த்தை நுனிநாக்கில் நின்றது. பக்கத்தில் ஜெசிந்தா டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதங்கியும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

யாரும் வாய் திறக்காததால் பேச்சியம்மாள் மோட்டார் பக்கம் திரும்பினாள். ஃப்யூஸ் கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தாள். இந்தமுறை கண்டன்சரில் நிஜமாகவே கரண்டு இருந்தது. ஜெசிந்தா டீச்சரின் கட்டிய கை அவிழ்ந்ததை மாதங்கி கண்டாள். ஒரு கால்கூட முன்னால் வந்துவிட்டது.

பேச்சியம்மாள் பிளாஸ்டிக் பிடியைப் பார்த்துப் பிடித்து முனைகளில் வைத்தாள். டப்பென்று பொறி பறந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு சிதறினார்கள். அவள் நகரவில்லை.

டீச்சர் மறுபடி கையைக் கட்டிக்கொண்டார்.

மத்தியான மணி அடித்தது. வராந்தாவிலிருந்து பெரிய டீச்சர், மெக்கானிக்கை வரச்சொல்லியாயிற்று என்றார்.

"வரட்டும் டீச்சர். வந்து எங்ககூட நிக்கட்டும்" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

உள்ளே பேச்சியம்மாள் மோட்டாரைச் சுற்றிவந்து தரையில் உட்கார்ந்தாள். தாவணியை இழுத்துச் செருகினாள். "நூரு, அந்தச் சின்ன ஸ்பேனர எடு. அது இல்ல, மத்தது" என்று கையை மட்டும் பின்னால் நீட்டினாள். வாங்கிப் பின்பக்க மூடியில் மாட்டினாள்.

மாதங்கியால் முடியவில்லை. "டீச்சர், மணியும் அடிச்சிருச்சு, மோட்டார் இன்னும் ஓடல. வெள்ளிக்கிழமை இவள எந்த நம்பிக்கையில அனுப்புறது?"

"மணி அடிச்சப்போ அவ திரும்பி நம்ம மூஞ்சியப் பார்த்தாளா?"

மாதங்கி பேச்சியம்மாளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிய கையை அவிழ்க்கவில்லை.