கலக்காத துண்டு

சவரியப்பன் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி ஸ்தெல்லா இறந்த மறுவருஷம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருடைய வழிகாட்டி மெஹர்பானு வயதில் அவரைவிட மிகவும் இளையவர்.

மலை உச்சியின் ஆய்வுக் குடிலில் தனியாகத் தங்கி வெட்டுக்கிளி பிடிப்பதுதான் வேலை. உச்சியில் இருப்பவை கறுப்பு. அடிவாரத்தில் பச்சை. சில நாட்கள் தன் குரலையே அவர் கேட்டதில்லை.

பேரனின் ஞானஸ்நானத்துக்குத் திருப்பூர் போனவர், பந்தி முடியுமுன் பஸ் ஏறிவிட்டார்.

"ஏம்ப்பா யார்கிட்டயும் ஒட்ட மாட்டேங்கிறீங்க?" என்று மகன் போனில் கேட்டான். 

மரபணு முடிவுகள் வந்ததும் மெஹர்பானு ஜீப்பில் மேலே வந்தார். சவரியப்பன் டீ போட்டு மூன்று டம்ளரில் ஊற்றினார். இருப்பது இரண்டு பேர், மூன்றாவது ஸ்தெல்லாவுக்கு என்பதை ஊற்றிய பிறகுதான் கவனித்தார். மெஹர்பானு தன் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"மேடம், நடுச்சரிவுல கறுப்பும் பச்சையும் ஜோடி சேருது. குஞ்சுகளும் நல்லாத்தான் இருக்கு. மரபணு எல்லா இடத்துலயும் கலந்து கிடக்கு. ஒரு குரோமோசோம்ல ஒரு நீளத் துண்டு மட்டும் கலக்கவே இல்லை. ஏன்?"

மெஹர்பானு வாசலில் இரண்டு புல்தண்டுகளைப் பறித்து, கணுவுக்குக் கணு நேராக வைத்தார்.

"ரெண்டு குரோமோசோம் இப்படிச் சேர்ந்தா துண்டுகளை ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கலாம்."

ஒரு தண்டின் நடுப்பகுதியை ஒடித்து, திருப்பி, அதே இடத்தில் வைத்தார்.

"இப்போ?"

"நடுவுல கணு சேரலை."

"உச்சியில இருக்கிறதுக்கு அந்த இடம் என்னைக்கோ இப்படித் திரும்பிடுச்சு, சார். சேராத இடத்துல மாத்திக்க முடியாது."

"அந்தத் துண்டுக்குள்ள என்ன இருக்கு?"

"வெயிலை வாங்குற கறுப்பு நிறம். குளிர் போற வரைக்கும் பொரிக்காம முட்டையைக் காக்குற குணம்."

"ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா?"

"இங்க பிழைக்காது."

பனி ஏறிவந்து பாதையை மூடியது. சவரியப்பன் அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம் மேடம். சுத்தி எல்லாம் கலந்து பேசிக்கிட்டு இருக்கு. அது மட்டும் ஒட்டாம, தனியா..."

ஆறிப்போன மூன்றாவது டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

மெஹர்பானு தண்டின் திருப்பிய பகுதியைத் தொட்டுக் காட்டினார்.

"வெளியில நின்னு பாக்குறவங்களுக்குத்தான் அது தனி, சார்," என்றார். "உள்ள இருக்கிற ரெண்டும் ஒண்ணையொண்ணு விட்டுப் பிரிஞ்சதே இல்லை."