குற்றாலிங்கம் சாரின் நாற்காலி

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நர்சிங் சேர வேண்டுமானால், முதலில் பேராசிரியர் குற்றாலிங்கத்தின் உடற்கூறு வகுப்பை முடித்தாக வேண்டும். அந்த வகுப்போ நிரம்பிவிட்டது. இசக்கியம்மாள் அசரவில்லை. இந்த வருஷம் விட்டால் வீட்டில் கல்யாணம் பேசிவிடுவார்கள். நேரே வகுப்பு வாசலில் போய் நின்றாள்.

பேராசிரியர் தன் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி, “இடமில்ல, போ” என்றார்.

“ஓரமா நின்னுக்கிடுதேன் சார்.”

“என் வகுப்புப் பிள்ளைங்க யாரும் நிக்கக் கூடாது. இந்த ரூம்ல ஒரு நாற்காலி காலியா இருந்தா உக்காரு. உடனே பேரை எழுதிக்கிடுதேன்.”

மாணவர்கள் சிரித்தார்கள். இசக்கியம்மாளும் சிரித்தாள்.

“சரி சார், போயிருதேன். ஒரே ஒரு சந்தேகம். இதயத்துக்குள்ள ரத்தம் எந்த வழியா வந்து எந்த வழியா போவுது? உங்கள மாதிரி யாரும் படம் போட முடியாதாமே!”

பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுந்துபோய்க் கரும்பலகை நிறைய இதயத்தை வரைந்தார். பெருமையோடு திரும்பினால், சுழல் நாற்காலியில் இசக்கியம்மாள்!

“ஏய், அது என் நாற்காலி! எந்திரி!”

“காலியாத்தான் கெடந்துச்சு சார். பேரு இசக்கியம்மாள், எழுதிக்கிடுங்க.”

அத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்கு. முறைத்துக்கொண்டே எழுதினார். “எழுதியாச்சு. இப்பவாவது எந்திரி!”

“எப்படி சார்? இப்ப நான் உங்க வகுப்புப் பிள்ளையாச்சே, நிக்கக் கூடாதே! எனக்கு வேற நாற்காலி போடச் சொல்லுங்க, மாறி உக்காந்துக்கிடுதேன்.”

பேராசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து நாற்காலி வந்தது.