உலகநாத பத்தரின் இடது கண்

“புண்ணு ஆறிடுச்சு டாக்டரம்மா. அதான் சொட்டு மருந்தை நிறுத்திட்டேன்.”

சொன்னவர் உலகநாத பத்தர். கடைவீதியில் நகைப் பட்டறை. பாதி ஊருக்குக் காது குத்திய கை.

கேட்டுக்கொண்டிருந்தவர் கண் டாக்டர் ரெஜினா. பாடம் சொல்லும் குரு டாக்டருக்கு முப்பத்து மூன்று, கேட்கும் சீடர் பத்தருக்கு அறுபத்தேழு. நம் கதையில் அப்படித்தான், என்ன செய்வது.

பத்தரின் வலது கண்ணை நீர் அழுத்தம் எப்போதோ தின்றுவிட்டது. மிச்சமிருப்பது இடது கண் ஒன்று. மூன்று வாரத்துக்கு முன் அதில் ஆபரேஷன். புரையை எடுத்தார்கள். உள்ளே தேங்கும் நீர் வடிய ஒரு சின்ன வழியும் போட்டார்கள்.

டாக்டர் அழுத்தம் பார்த்தார். போன வாரம் பன்னிரண்டு. இன்றைக்கு இருபத்து நாலு.

“யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?”

“கண்ணைத்தான் கேட்டேன். சிவப்பு இல்ல, உறுத்தல் இல்ல. மருந்துக் கடைக்காரர் வேற, இது ஸ்டீராய்டு, புண்ணை ஆறவிடாம இழுக்கும்னார். அன்னிலேருந்து மனசுல ஒரே கேள்வி.”

“கேளுங்க.”

“வைத்தியம்னா புண்ணை ஆத்துறது. ஆறவிடாம பண்ண ஒரு மருந்தா? இது என்ன கூத்து?”

மனுஷன் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

டாக்டர் நாற்காலியை அவர் எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எனக்கும் ஒரு சந்தேகம் ஐயா. என் பொண்ணுக்குக் காது குத்தி மூணு வாரம் ஆச்சு. வீக்கமில்ல, வலியில்ல. கம்பியைக் கழட்டிடலாம்னு இருக்கேன்.”

பத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கழட்டாதீங்க. படிச்சவங்க பேசுற பேச்சா இது?”

“ஆறிடுச்சே ஐயா.”

“ஆறுதுன்னுதான் கழட்டக் கூடாது. நாம எதுக்கு ஓட்டை போட்டோம்னு சதைக்குத் தெரியுமா? அதுக்குத் தெரிஞ்சது மூடுறது ஒண்ணுதான். நல்ல உடம்புன்னா இன்னும் சீக்கிரமா மூடும்.”

“அப்ப கம்பி எத்தனை நாளைக்கு?”

“அதுவும் அளவாத்தான். கவனிக்காம விட்டா சீழ் கோத்துக்கும். வாரா வாரம் கூட்டிட்டு வாங்க, பாத்துச் சொல்றேன். நீங்களா எதையும் பண்ணாதீங்க.”

“அவசரப்பட்டுக் கழட்டுறவங்க இருக்காங்களா?”

“ஏன் இல்ல? மாசத்துக்கு ரெண்டு பேராவது. ஓட்டை தூந்துபோயி, அழுற புள்ளையைத் தூக்கிட்டு மறுபடி வந்து நிப்பாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும்.”

“என்ன காரணம் சொல்வாங்க?”

“என்னத்தைச் சொல்வாங்க, புண்ணு ஆறிடுச்சு, அதான்...”

பத்தர் பேச்சை நிறுத்தினார்.

கை தானாக எழும்பி இடது கண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. தொடவில்லை. பிறகு சட்டைப் பையைத் துழாவி, பாதி மருந்தோடு இருந்த குப்பியை எடுத்து நீட்டினார்.

“காதுன்னா நான் மறுபடி குத்திடுவேன்” என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. “கண்ணுல நீங்க போட்ட வழி இன்னும் முழுசா மூடலையேம்மா?”

“இன்னும் இல்ல. அண்ணாந்து பாருங்க.”