உப்பு வியாபாரி சொன்ன வேண்டுதல்

ராஜா கதை நிறையக் கேட்டிருப்பீங்க. கேட்டுக் கேட்டு ராஜாவுக்கே அலுத்துப் போயிருக்கும். இது ராஜாக்களே பொறக்காத காலத்துல, கழுதை மேல உப்பு ஏத்திக்கிட்டு மலையூர் மலையூராப் போன தொண்டியப்பனோட கதை.

தொண்டியப்பன் ரொம்ப நல்லவன். ஊரே அப்படிச் சொல்லுச்சு, அவனும் மறுக்கல. யார் என்ன கஷ்டம் சொன்னாலும் கண்ணை மூடுவான், நெஞ்சுல கை வைப்பான், "உங்களுக்காக வேண்டிக்கிறேன்"பான். கழுதைக்கே பழகிடுச்சு. அந்த வார்த்தை காதுல விழுந்தா, கெளம்பியாச்சுன்னு தானா நடக்க ஆரம்பிச்சிடும்.

ஒரு தடவை புதுசா ஒரு மலையூருக்குப் போனான். மாட்டைத் தொலைச்சவர் ஒருத்தர் வந்து பொலம்பினாரு. "வேண்டிக்கிறேண்ணே"ன்னான். பேச்சை முடிங்கன்னு அர்த்தம்.

மாமியார்கிட்ட மாட்டிக்கிட்ட ஒரு பொண்ணு வந்து அழுதுச்சு. "வேண்டிக்கிறேம்மா"ன்னான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலன்னு அர்த்தம்.

கடைசியா வெள்ளையம்மா வந்தா. "என் வீட்டுக்காரருக்குக் கோடாலி பட்டுக் கால் வீங்கிக் கெடக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க"ன்னா. "வேண்டிக்கிறேன் தாயி"ன்னான். சீழைப் பார்த்தா எனக்குச் சோறு எறங்காதுன்னு அர்த்தம்.

மறுபடி உப்போட அதே ஊருக்கு வந்தான். மாட்டுக்காரர் எல்லையிலயே மறிச்சுக்கிட்டாரு.

"வாங்க சாமி. என் மாடாவது தானா வந்துடுச்சு. உங்க வேண்டுதல் எந்தக் காட்டுல மேயுது?"

அப்பதான் தொண்டியப்பனுக்கு அந்த ஊர் வழக்கம் தெரிஞ்சுது. நோயாளிக்காக வேண்டிக்கிறேன்னு ஒருத்தர் வாக்குக் குடுத்தா, அவர் மலை உச்சிக் கருப்பன் கோயிலுக்குப் போய் வேண்டி, திருநீறு கொண்டு வரணும். வாக்கு விழுந்த நிமிஷமே நோயாளி சாமி பொறுப்பு. அதுக்கப்புறம் வைத்தியர்கிட்டப் போறது சாமியை அவமதிக்கிற மாதிரி.

"வெள்ளையம்மா புருஷனை அடிவாரத்து வைத்தியர்கிட்டத் தூக்கிட்டுப் போகத் தூளி கட்டி வச்சிருந்தோம். நீங்க சொன்னீங்க, அவுத்துட்டோம். தூக்குற ஆளுங்களும் தேனெடுக்கக் காட்டுக்குள்ள போயாச்சு"ன்னாரு.

 தொண்டியப்பன் திரும்பி ஓடிடலாமான்னு நெனைச்சான். கோயிலுக்கு இப்ப ஏறலாமான்னு உச்சியைப் பார்த்தான், கழுத்துதான் வலிச்சுது. கடைசியில, காலையில ஊருக்கு வெளியே கஞ்சி காய்ச்சின அடுப்புச் சாம்பல்ல ஒரு பிடியை இலையில மடிச்சுக்கிட்டான். சாம்பல் சாம்பல்தானே.

வீட்டு வாசல்ல வெள்ளையம்மா ரெண்டு கையையும் ஏந்தி நின்னா. கட்டில்ல கெடந்த மனுஷனுக்குக் கால் கறுத்துக்கிட்டு வந்துது. காய்ச்சல். ஆனா முகத்துல ஒரு சிரிப்பு.

"வந்துட்டீங்களா. இவகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன், வருவாருன்னு. என் பேரைச் சொல்லித்தானே வேண்டினீங்க? எங்க கருப்பனுக்குப் பேர் சொல்லணும். இல்லைன்னா யாரு எவருன்னு தெரியாது."

சொல்லிட்டேன்னு சொல்ல வாயைத் தொறந்தான் தொண்டியப்பன். உலகத்துல எவ்வளவோ பொய்யைச் சிரிச்சுக்கிட்டே சொன்ன வாய் அது. இந்தச் சின்னப் பொய் மட்டும் வரல.

"உங்க பேரு என்னண்ணே?"ன்னான்.

 கையில இருந்த இலையைக் கீழே வச்சான். "இது என் அடுப்புச் சாம்பல். நான் கோயிலுக்கும் போகல, மனசுல வேண்டவும் இல்ல. அன்னிக்கு இந்தத் தெரு முனை தாண்டினதுமே மறந்துட்டேன்."

வெள்ளையம்மா அழுவான்னு பார்த்தான். திட்டுவான்னு பார்த்தான். அவ கொடியில கெடந்த போர்வையை உருவினா.

"அப்ப அது மனசுல இல்லாத வெறுஞ்சொல்லுதான், வாக்கே விழல. இவரு சாமி பொறுப்பு இல்ல, என் பொறுப்புதான். வைத்தியர்கிட்டப் போலாம். அந்தச் சாம்பலைப் பூசியிருந்தேன்னா, கொணமாகும்னு பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கிட்டே சாக விட்டிருப்பேன்." புருஷனைப் பார்த்தா. "ஆனா யாரு தூக்குறது?"

தொண்டியப்பன் வெளியே போய் உப்பு மூட்டையை எல்லாம் எறக்கி வேலியோரமாப் போட்டான். ஆளோட பேரைக் கேட்டுக்கிட்டு, கழுதை மேல ஏத்தி, தோள்ல சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டான். சீழ் வேட்டியில வழிஞ்சுது. பாதி வழியில மழை பிடிச்சுது. உப்பு கரையுமேன்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வியாபாரிதானே.

அப்புறம் பார்க்கல. தோள்ல அந்தத் தலை கனத்துக்கிட்டே வந்துது. தொண்டியப்பன் வாய் தன்னால முணுமுணுத்துது: "கருப்பா, இவரு பேரு ஒச்சப்பன். வெள்ளையம்மா புருஷன். பொழைக்க வையப்பா."

பக்கத்துல நடந்த வெள்ளையம்மா கேட்டா, "யார்கிட்டண்ணே பேசுறீங்க?"

"வேண்டிக்கிறேன் தாயி."

 கழுதைக் கயித்தை அவ வாங்கிக்கிட்டா.

வைத்தியர் ஒச்சப்பன் கால்ல ரெண்டு வெரலை எடுத்துட்டு, காலைக் காப்பாத்திட்டாரு. ஆளும் பொழைச்சான்.

ஆகவே மக்களே, ஒருத்தருக்காக வேண்டிக்கிறேன்னு வாய் தொறந்தா, அவங்க பேரைக் கேட்டு, அவங்க பாரத்துல ஒரு பக்கத்தையாவது நம்ம தோள்ல வாங்கிக்கணும்.