எதற்காகவும் இறங்க மாட்டேன்

சங்கக் கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள் என்று நோட்டில் எழுதிவைப்பது என் வேலை. எழுதுகிறவன் கருத்துச் சொல்லக் கூடாதாம். அதனால் அன்று வாயை மூடிக்கொண்டு எழுதியதை இங்கே புதிராக வைக்கிறேன். என் விடை கடைசியில் இருக்கிறது. அங்கே பாயாமல் முதலில் நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

எங்கள் சங்கத்தில் ஒன்பது பேர். முன்பு செப்டிக் டேங்குக்குள் இறங்கிச் சுத்தம் செய்தவர்கள், அல்லது அப்படி இறங்கியவரைப் பறிகொடுத்தவர்கள். தலைவி பொன்னுத்தாய் இரண்டாம் வகை. தொட்டிக்குள் மயங்கிய தன் தம்பியைத் தூக்கப் போன அவருடைய கணவரும் விஷவாயுவில் அங்கேயே இறந்துபோனார்.

அதன் பிறகுதான் பொன்னுத்தாய் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தார். எல்லோருமாகச் சேர்ந்து கழிவை உறிஞ்சும் லாரி ஒன்றை வாங்கினார்கள். குழாய் இறங்கும், மனிதர் இறங்க மாட்டார். அதுதான் தொழில். "ஆள் இறங்காம இந்த வேலை நடக்குமா?" என்று ஊரே சிரித்தது. ஆறு வருடமாக நடக்கிறது.

சேருகிறவர் ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். தலைவியிடம் அல்ல, தன் வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடம். "எதற்காகவும் குழிக்குள் இறங்க மாட்டேன்." மீறினால் சங்கத்தில் இடமில்லை. "கூலிக்காக இறங்க மாட்டேன்னு வச்சுக்கலாமே" என்று ஒருவர் ஆரம்பத்தில் கேட்டார். "எங்க வீட்டுக்காரரு கூலிக்கா எறங்குனாரு?" என்றார் பொன்னுத்தாய். வாசகம் அப்படியே நின்றது.

போன ஆனி மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை. காலை பத்து மணி இருக்கும். பக்கத்துத் தெருவில் கூச்சல் கேட்டு ஓடினோம். ஒரு வீட்டுத் தொட்டிக்குள் வேறு யாரோ அனுப்பிய கூலியாள் இறங்கி, மயங்கிக் கிடந்தார். முப்பது வயது இருக்கும். பொன்னுத்தாய் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். வண்டி வேறு ஊருக்குப் போயிருக்கிறது, வர அரை மணி நேரமாகும் என்றார்கள். காற்று அடிக்கும் மின்விசிறியைத் தொட்டி வாயில் வைத்தோம். உள்ளே அசைவில்லை.

எங்கள் ஞானப்பிரகாசம் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். பொன்னுத்தாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்ததுதான் மிச்சம். அவர் இறங்கிவிட்டார். கயிற்றைப் பிடித்திருந்த நாங்கள் அவர்கள் இருவரையும் மேலே இழுத்தோம்.

அந்த ஆள் பிழைத்தார். ஞானப்பிரகாசம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பொன்னுத்தாயே முதலில் எழுந்தார். "எங்க வீட்டுக்காரரு கிடந்தப்ப இப்பிடி ஒருத்தரு வரலையேன்னு எத்தன நாள் அழுதிருக்கேன். ஞானப்பிரகாசத்த நீக்குன்னா என் கையில கையெழுத்து வராது. மன்னிச்சு விட்ருவோம்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போது ஞானப்பிரகாசத்தின் மனைவி செபஸ்தியம்மாள் எழுந்தார். வீட்டில் கணவரின் சம்பளம் ஒன்றுதான் வருமானம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அவரு சத்தியம் பண்ணுனது என் கையப் புடிச்சு. நான் மன்னிக்கல. நீக்குங்க."

பொன்னுத்தாய் அழுதுகொண்டே ஞானப்பிரகாசத்தின் பெயரை அடித்தார்.

சத்தியத்தை மீறி உயிரைக் காப்பாற்றியவர் ஒருவர். தானே எழுதிய விதியைத் தள்ளிவைத்து மன்னிக்கப் பார்த்தவர் ஒருவர். காப்பாற்றியவர் தன் கணவர் என்றும் பாராமல் நீக்கச் சொன்னவர் ஒருவர். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: என் கணக்கில் செபஸ்தியம்மாள். அடுத்த மாதமே ஒரு லாட்ஜ் முதலாளி, குழாய் அடைத்துக்கொண்டது என்று எங்களை இறங்கச் சொன்னார். "அன்னைக்கு எறங்குனீங்கள்ல?" என்றார். "எறங்குனவரு இப்ப எங்க சங்கத்துல இல்ல" என்றார் பொன்னுத்தாய். அந்த மனிதர் அடைப்பு எடுக்கும் மிஷின் வரும்வரை காத்திருந்தார். அன்று எங்களில் ஒருவரும் இறங்கவில்லை. இதைச் சொல்லலாம் என்று போன வாரம் செபஸ்தியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஞானப்பிரகாசம் இப்போது மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். என் மனம் கேட்கவில்லை, கேட்டேவிட்டேன். "அண்ணே, மறுபடி ஒரு ஆள் அப்பிடிக் கிடந்தா?" அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எறங்குவேன் தம்பி." அடுப்படியிலிருந்து செபஸ்தியம்மாள் வெளியே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "தெரியும். அதான் அந்தக் குழிப்பக்கமே அவரு நிக்கக் கூடாதுன்னேன்."